ஆட்கள் உடனடியாக நீக்கித் தரப்படும்

போன் அடிக்கட்டும் அண்ணே, நான் எடுக்க மாட்டேன். எடுத்தா அத்தான் "எங்கடா இருக்க?"ன்னு கேட்பார். எனக்குப் பொய் வராது. மதுரை பஸ்ஸில் இருக்கேன்னு சொல்லிடுவேன். "அங்கேயே இறங்கு, எதிர்ல வர்ற வண்டியைப் பிடி"ம்பார். இந்தப் பெட்டியோட நான் கடைக்குத் திரும்பினா, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு கல்யாணம் காலி. நடந்து முடிஞ்ச கல்யாணம்தான். ஆனாலும் காலி.

கொஞ்சம் காலை ஒடுக்கிக்கோங்க. வெடிகுண்டெல்லாம் இல்லை, கம்ப்யூட்டர். மேல வைக்கச் சொல்லி கண்டக்டர் சத்தம் போட்டார், பார்த்தீங்கல்ல? முடியாதுன்னுட்டேன். ஒரு பள்ளத்துல வண்டி விழுந்து, உள்ளே இருக்கிற கூலர் கழண்டு போர்டு மேல விழுந்தா அவரா வந்து மாட்டுவார்? லக்கேஜ் டிக்கெட் கிழிச்சார். கிழிக்கட்டும். மடியிலதான் இருக்கும்.

கடையில ரெடிமேடா வாங்கினது இல்லை இது. நானே ஒண்ணொண்ணா மாட்டினது. என்ன படிக்கிறன்னு கேட்டீங்களே, படிக்கலை. பிளஸ் ஒன் பாதியில நின்னுட்டேன். ஃபெயில் இல்லை. உட்கார்ந்து பார்த்தேன், ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்றாங்க. எனக்கு முதல் தடவையே புரிஞ்சிடும். புரியலைன்னா மூணாவது தடவையும் புரியாது. நடுவுல உட்கார்ந்திருக்கிறது தண்டம்தானே? வீட்டுல திட்டினாங்க. அக்கா வீட்டுக்காரர் முருகபூபதி அருப்புக்கோட்டையில வீடியோ கடை வெச்சிருக்கார், 'பூபதி வீடியோஸ்'. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை. "பயலை என்கிட்ட அனுப்புங்க, எடிட்டிங்ல உட்கார வெக்கிறேன்"னார். உட்கார்ந்தேன்.

அங்கே போனா அது பள்ளிக்கூடத்தைவிட மோசம்.

அத்தான் கடையில இருந்தது நாலாவது ஜெனரேஷன் ப்ராசஸர் போட்ட சிஸ்டம். ப்ராசஸர்னா கம்ப்யூட்டரோட மூளை அண்ணே. கம்பெனிக்காரன் வருஷா வருஷம் புது ஜெனரேஷன்னு ஒண்ணு விடுவான், வெளியில பதினாலு வரைக்கும் வந்தாச்சு. நாங்க நாலுல நிக்கிறோம். ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு முடிச்சதும், மொத்தத்தையும் ஒரே படமா அது சமைச்சு எடுக்கணும். அதுக்குப் பேர் ரெண்டரிங். நாலாவது ஜெனரேஷன்ல அதை ஓட விட்டா, தாலி கட்டுற இடத்துக்கு வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். பந்திக்கு வரும்போது மிஷின் ஹேங் ஆகி நின்னுடும். மறுபடி பொண்ணழைப்புல இருந்து.

எங்க ஊர்ல கல்யாணம் முடிஞ்ச அத்தனை வீட்டுக்கும் 'ரெண்டரிங்' தெரியும். போன் வரும். "பூபதி, ரெண்டரிங் எப்படி இருக்கு?"ன்னு, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரி கேட்பாங்க. அத்தானும் டாக்டர் மாதிரியே பேசுவார். "ஓடிக்கிட்டிருக்கு அண்ணாச்சி. இப்பத்தான் பாதி தாண்டியிருக்கு. தொந்தரவு பண்ணக் கூடாது." அங்கே ஒண்ணுமே ஓடாது. அத்தான் அந்தக் கல்யாணத்தோட மெமரி கார்டைக்கூடத் திறந்திருக்க மாட்டார். கேட்டவங்க மாசக்கணக்குல காத்திருப்பாங்க. காத்திருக்கிற வரைக்கும் அத்தானை வீட்டு ஆளா நடத்துவாங்க. சேவு வரும், கருப்பட்டி மிட்டாய் வரும், அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வரும். கையில வீடியோ கிடைச்ச மறுநாள் தெருவுல பார்த்தாலும் தலையைத் திருப்பிக்குவாங்க.

இதைவிட ஒரு அநியாயம் கேளுங்க. கல்யாணம் முடிஞ்ச வீட்டுல சண்டை வராம இருக்காது. பந்தியில கூப்பிடலை, மேடையில பேரு சொல்லலை, ஏதாவது. உடனே யாராவது கடைக்கு வருவாங்க. "இந்த ஆளு எங்க வீடியோவுல இருக்கக் கூடாது பூபதி. வெட்டு." அத்தான் தலையை ஆட்டுவார். "வெட்டிட்டாப் போச்சு அக்கா. ரெண்டரிங் ஓடுது, முடியட்டும்." ரெண்டு மூணு மாசம் கழிச்சு அதே ஆள் திரும்பி வருவாங்க, பதறிக்கிட்டு. "பூபதி, வெட்டிட்டியாப்பா?" "இல்லைக்கா, ரெண்டரிங் ஓடுதே." "அப்பாடா. வெட்டாதே, ராசியாயிட்டோம்." இத்தனை வருஷத்துல அத்தான் ஒருத்தரைக்கூட வெட்டினதில்லை. இந்த சோம்பேறித்தனத்துக்கு ஊருக்குள்ள நல்ல பேர் வேற. "பூபதி தங்கமான ஆளு, அவசரப்பட மாட்டார்." அவசரப்பட எங்கே? மிஷின் அப்படி!

நான் சொல்லிட்டேன். "அத்தான், ப்ராசஸரை மாத்துவோம். இல்லைன்னா நான் செங்கல் சூளைக்குப் போறேன். அங்கேயாவது போட்டது வெந்து வரும்."

"ப்ராசஸர்ங்கிறது என்ன பெருசுடா மாப்ள?"

"பிஸ்கட் அளவு அத்தான்."

"அவ்வளவுதானே. அதை மட்டும் மாத்து."

அதை மட்டும் மாத்த முடியாதுன்னு அவருக்கு எப்படிச் சொல்றது? புது ப்ராசஸர் பழைய போர்டுல உட்காராது, குழி வேற. சரி போர்டை மாத்து. புது போர்டுல பழைய ராம், அதான் மெமரி பட்டை, போகாது, வெட்டு வேற இடத்துல இருக்கும். ராமை மாத்து. இந்த மூணுக்கும் கரண்ட் பிரிச்சுக் கொடுக்கிற பழைய எஸ்எம்பிஎஸ் காணாது. அதை மாத்து. சூடு தாங்கணுமே, பெரிய கூலர் வாங்கு. கூலர் உயரத்துக்குப் பழைய கேபினெட் மூடி மூடாது. அத்தான் ஒவ்வொண்ணுக்கும் நெஞ்சைப் பிடிச்சார். "ஏன்டா, பொண்ணு ஒண்ணுதான்னு சொல்லிட்டு, சித்தி சித்தப்பா சீக்காளி மச்சான் வரைக்கும் வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வர்றியே!" நான் சொன்னேன், "பொண்ணு எடுத்தா அப்படித்தான் அத்தான் வரும்." அக்கா உள்ளே இருந்து என்னை முறைச்சா. கடைசியில பழசுல மிஞ்சினது ஹார்ட் டிஸ்க்கும், அது மேல அத்தான் ஒட்டின பிள்ளையார் ஸ்டிக்கரும்தான். டிஸ்க்குல எல்லா வீட்டுக் கல்யாணமும் இருக்கு, அதைத் தொட முடியாது. பிள்ளையாரைத் தொட அத்தான் விடலை.

மாட்டின அன்னைக்கு இன்னொரு கூத்து. ப்ராசஸர் உட்கார்ற குழியில முடி மாதிரி ஊசிங்க ஆயிரக்கணக்குல நிக்கும். ஒண்ணு வளைஞ்சா போர்டு போச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வெச்சேன். பேஸ்ட் தடவி, கூலரை முறுக்கி, சுவிட்சுல கை வைக்கும்போது, "இருடா!"ன்னு அத்தான் சூடத்தோட வந்தார். சுத்தினார். ஃபேன் அந்தப் புகையை அப்படியே உள்ளே இழுத்துக்கிச்சு. எனக்குக் கருகுற வாசனை வருது. போர்டு எரியுதா, சூடம் எரியுதான்னு தெரியலை. திரையும் கருப்பாவே கிடக்கு. அத்தான், "அவ்வளவுதான், போச்சு, பிடுங்கு"ங்கிறார். அது அப்படித்தான் அண்ணே. புது போர்டும் புது ராமும் முதல் தடவை சேரும்போது ஒண்ணை ஒண்ணு பழகிக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரை திரையில ஒண்ணும் வராது. நடுவுல பிடுங்கினா பழசைவிட மோசமாயிடும். நான் அத்தான் கையைத் தட்டி விட்டுட்டு சும்மா நின்னேன். வந்துடுச்சு. இதெல்லாம் விவரம் தெரியாதவங்ககிட்ட சொன்னாப் புரியாது.

அன்னைக்கு ஒரு கல்யாணத்தை ஓட விட்டேன். அத்தான் டீக்கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. முழுக் கல்யாணம்! நான் குதிக்கிறேன். அத்தான் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். முகத்துல ரத்தமே இல்லை.

"மாப்ள. இதை வெளியில சொல்லிராதே."

"ஏன்?"

"யாரு கேட்டாலும் ரெண்டரிங் ஓடுதுன்னே சொல்லு."

"ஓடலையே அத்தான். முடிஞ்சிடுச்சே."

"முடிஞ்சதை முடிஞ்சதுன்னு சொல்றதுக்கு நீ எதுக்குடா? அதுவே சொல்லும்."

எனக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்காது. முடிஞ்சதுன்னா முடிஞ்சது. பதினாலாவது ஜெனரேஷன் வாங்கி நாலாவது ஜெனரேஷன் மாதிரி நடிக்கச் சொன்னா, எதுக்கு வாங்கணும்?

மறுவாரம் பொன்கனி அக்கா வந்தாங்க. புளியம்பட்டி பக்கம் பலசரக்குக் கடை. அவங்க பொண்ணு சண்முகப்பிரியாவுக்கும் சாத்தூர் ராஜபிரபுவுக்கும் கல்யாணம், நாங்கதான் வீடியோ. நான் சொன்னேனே, காலியாகப் போற கல்யாணம்னு? அது இதுதான். பொன்கனி அக்காவோட அண்ணன் தங்கப்பழம். பொண்ணுக்குத் தாய்மாமன். சீர்த்தட்டு அம்பது அறுபது வெச்சு மேளத்தோட மண்டபத்துக்குள்ள வந்தவர். ஆனா பந்திக்கு அவரைக் கைப்பிடிச்சு யாரும் கூப்பிடலை. தாய்மாமனைக் கூப்பிடணும்ல? எல்லாரும் மத்தவங்க கூப்பிட்டிருப்பாங்கன்னு நினைச்சிருக்காங்க. மனுஷன் சாப்பிடாமலே போயிட்டார். அப்புறம் போன்ல அவர் ஏதோ சொல்ல, இவங்க ஏதோ சொல்ல, நேரா கடைக்கு வந்துட்டாங்க.

"பூபதி இல்லையா தம்பி?"

"ஷூட்டிங் போயிருக்கார். என்ன வேணும்னு சொல்லுங்க."

"எங்கண்ணன் என் பொண்ணு கல்யாணத்துல இருக்கக் கூடாது. வெட்டிரு."

"சரி, உட்காருங்க."

"இப்பவேவா?"

"இப்பவே."

இப்போ இருக்கிற சாஃப்ட்வேர்ல ஆளைச் சுத்திக் கோடு போட்டாப் போதும் அண்ணே. ஆளை எடுத்துட்டு, பின்னால இருக்கிற மண்டபச் சுவரை அதுவே வரைஞ்சு நிரப்பிடும். நாலாவது ஜெனரேஷன்ல அதைத் தொட்டாலே மிஷின் செத்துடும். இதுல தண்ணி மாதிரி போச்சு. பக்கத்துக் கடையில இருந்து அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைக்கிறதுக்குள்ள பென் டிரைவை நீட்டினேன்.

அக்கா வாங்கலை. "அதுக்குள்ளயா?"ன்னாங்க.

"அதுக்குள்ளதான்."

"ஒரு தடவை வீட்டுல போய் யோசிச்சிட்டு..."

"முடிஞ்சதை இனிமே என்னக்கா யோசிக்கிறது?"

வாங்கிக்கிட்டு, கடை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாங்க. பென் டிரைவைப் பார்த்துக்கிட்டே. அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு வேகமான வேலையை அவங்க வாழ்க்கையில பார்த்திருக்க மாட்டாங்க.

ஒண்ணு ரெண்டு குறை இருந்தது, ஒத்துக்கறேன். சீர்த்தட்டைத் தூக்கிட்டு வர்றது தங்கப்பழம் மாமா ஆளுங்கதானே. முன்னாடி அவர் இல்லாததால, முதல் தட்டு தானா மிதந்து வர்ற மாதிரி இருந்தது. இன்னொரு இடத்துல, ஆசீர்வாதம் பண்ற அவர் கையை எடுக்க விட்டுப்போச்சு. பொண்ணு தலைக்கு மேல மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் நின்னது. அதைத்தான் பொன்கனி அக்கா வீட்டு டிவியில அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுப் போட்டிருக்காங்க. சின்னப் பிள்ளைங்க பயந்து அழுதுருக்கு. மோதிரத்தை வெச்சே எல்லாருக்கும் யாருன்னு தெரிஞ்சிடுச்சு.

தங்கப்பழம் மாமா கடைக்கு வந்தார். அடிப்பார்னு நினைச்சேன். வாசல்லயே நின்னு, "ஏலே, என்னை வெட்டினது நீயா?"ன்னார்.

"ஆமா மாமா."

இதை அத்தான்னா மறைச்சிருப்பார். நான் சொல்லிட்டேன்.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு நேரத்துல வெட்டின?"

"அக்கா டீ குடிக்கிற நேரத்துல."

"ஒரு டீ நேரமா நான்?" அப்படின்னு கேட்டுட்டு மோதிரத்தைக் கழட்டிக் கழட்டி மாட்டினார். அப்புறம், "சரி. எனக்கும் ஒண்ணு போடு. அதுல என் தங்கச்சி இருக்கக் கூடாது"ன்னார்.

போட்டேன். நியாயம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல? பொண்ணோட அம்மாவே இல்லாத கல்யாணம். பொண்ணழைப்புல ஆரத்தித் தட்டு சுத்துது, யார் சுத்துறாங்கன்னு தெரியாது. அது இன்னும் சுத்தமா வந்தது. கை கால் எதையும் விடலை. நமக்கும் பழக்கம் வருதில்லையா?

அப்புறம் மாப்பிள்ளை வீடு. ராஜபிரபுவோட அத்தை ஒருத்தங்க எல்லா இடத்துலயும் தங்கப்பழம் மாமாவை ஒட்டியே நின்னிருக்காங்க. அவரை எடுக்கும்போது அவங்களும் போயிட்டாங்க. நான் பார்க்கலை. அந்த வீடியோவைப் பார்த்துட்டு சாத்தூர்ல இருந்து வேன் போட்டு வந்தாங்க. "எங்க வீட்டுப் பொம்பளையை எடுக்கச் சொல்ல பொண்ணு வீட்டுக்கு என்ன அதிகாரம்?" "அவங்க சொல்லலைங்க, கோடு கொஞ்சம் அகலமாயிடுச்சு." நம்பலை. உண்மையைச் சொன்னா யாருமே நம்புறதில்லை அண்ணே. அவங்க கேட்டபடி அவங்களுக்கும் ஒரு வீடியோ, அதுல பொன்கனி அக்கா கிடையாது, தங்கப்பழம் மாமாவும் கிடையாது, அத்தைக்கு மட்டும் ஸ்லோமோஷன். ஒரே கல்யாணம்தான். வீட்டுக்கு ஒரு வீடியோ.

இதுக்கு நடுவுல பேர் பரவிடுச்சு. 'பூபதி கடையில ஒரு பையன் நிக்கவெச்சு வெட்டித் தர்றான்'னு. பந்தல்குடியில இருந்து வர்றாங்க, பாளையம்பட்டியில இருந்து வர்றாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வயசாயிடுச்சு, இன்னும் கல்யாண வீடியோவுல இருந்து கொழுந்தியாளை எடுக்கணும்ங்கிறாங்க. ஒருத்தர் சொத்துப் பாகம் பிரிச்ச கையோட வந்தார். அண்ணன் தம்பி நாலு பேரும் வரிசையா நிக்கிற போட்டோ. "மூணு பேரையும் எடுத்துட்டு என்னை நடுவுல நகர்த்து"ன்னார். நகர்த்தினேன்.

அத்தான் முதல்ல முனகினார். "மாப்ள, இது நல்லதுக்கில்லடா." அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். முனகலை விட்டார். ஒரு நாள் போர்டு அடிச்சுக் கொண்டு வந்து வாசல்ல மாட்டினார், மஞ்சள்ல சிவப்பு எழுத்து. 'கல்யாண வீடியோ, போட்டோக்களில் ஆட்கள் உடனடியாக நீக்கித் தரப்படும்.' கீழே சின்னதா, 'புதிய ஜெனரேஷன் ப்ராசஸர்.' அதை நான்தான் சேர்க்கச் சொன்னேன். யாரால இதெல்லாம் நடக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல?

என்ன வண்டி நிக்குது? காரியாபட்டியா? சரி. தண்ணி இருக்கா அண்ணே? இல்லை, பெட்டி மேல ஊத்திடாம நானே குடிச்சுக்கிறேன்.

இன்னைக்குக் காலையில கடையைத் திறந்து உட்கார்றேன், சண்முகப்பிரியா அக்கா வர்றாங்க. கல்யாணத்தன்னைக்குப் பார்த்தது. இப்போ மெலிஞ்சிருந்தாங்க. சாத்தூர்ல மாமியார் வீட்டுல அந்த வீடியோவைப் போட்டிருக்காங்க. இவங்க அம்மா எங்கேயுமே இல்லை. "எங்கம்மா எங்கே?"ன்னு புருஷன்கிட்ட கேட்டிருக்காங்க. அவர், "எங்கம்மா சொன்னாங்க, எடுத்துட்டாங்க. இதைப் பெரிசு பண்ணாதே"ன்னுட்டார். அவர் அதிகம் பேச மாட்டார் போல. இவங்க பையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. இங்கே வந்து டிவியைப் போட்டா, தாய்மாமனைக் காணோம், தலைக்கு மேல கை மட்டும் நிக்குது. இதெல்லாம் அவங்களேதான் சொன்னாங்க. நான் கேட்கலை. நான் யார்கிட்டயும் காரணம் கேட்கிறதில்லை.

"தம்பி, எனக்கு ஒரு வீடியோ வேணும்."

"யாரோடதுக்கா? உங்க அம்மாவோடதா, மாமாவோடதா, சாத்தூர்க்காரங்களோடதா?"

"என்னோடது."

"சரி. உங்களுக்கு யாரை எடுக்கணும்?"

திரையில போட்டோ ஒண்ணு நின்னது, ரெண்டு பேரும் மாலையோட. அவங்க எழுந்து வந்து மாப்பிள்ளை முகத்து மேல விரலை வெச்சாங்க. என் மானிட்டர்ல விரல் வெச்சா எனக்கு ஆகாது. ஆனா சொல்லலை.

"முழுசாவாக்கா?"

"முழுசா."

"தாலி கட்டுற இடத்துல என்ன பண்ண?"

"தட்டு தானா வருது, ஆரத்தி தானா சுத்துது. தாலியும் தானா ஏறட்டும். உனக்குத் தெரியாததா?"

போகும்போது திரும்பி நின்னாங்க. "ஒரிஜினல் இருக்குமில்ல? அதையும் அழிச்சிரு. இருந்தா என்னைக்காவது வந்து போட்டுக் காட்டச் சொல்லுவேன். சாயங்காலம் அம்மா வருவாங்க, அவங்ககிட்ட கொடுத்து விடு."

அத்தான் இன்னைக்கு வெளியூர் ஷூட்டிங். போன் போட்டேன். "செஞ்சு கொடுத்துரு மாப்ள. போர்டுல எழுதி மாட்டிட்டு இல்லைன்னா கடைப் பேர் என்னாகும்? ஒரிஜினலையும் தூக்கிரு, டிஸ்க்குலயும் இடமில்லை"ன்னார். போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடி இருந்த அத்தான்னா இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவர் மாறிட்டார். நான் அப்படியேதான் இருக்கேன்.

உட்கார்ந்தேன். ஒரிஜினலைத் திறந்தேன். எவ்வளவு பேர் இருக்காங்கங்கிறீங்க அதுல! தங்கப்பழம் மாமா, பொன்கனி அக்கா, சாத்தூர் அத்தை, எல்லாரும் ஒண்ணா. இப்போ அவங்க எல்லாரும் சேர்ந்து இருக்கிறது இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான். மாப்பிள்ளையைச் சுத்திக் கோடு போட்டுக்கிட்டே வந்தேன். மாலை மாத்துற இடம், ஒண்ணும் கஷ்டமில்லை. அக்கினி கிட்ட வந்தேன். அங்கே ஒரு ஷாட், ஆரம்பத்துலயே நான் வெட்டித் தூக்கிப் போட்டது. யாரும் சொல்லலை, நானாத்தான் வெட்டினேன். அசிங்கமா இருக்கும். நெய் ஊத்தின புகை அப்படியே பொண்ணு முகத்துல அடிக்குது. கண்ணைத் திறக்க முடியலை அவங்களுக்கு. மாப்பிள்ளை கை ரெண்டும் தர்ப்பையும் தண்ணியுமா இருக்கு. ஐயர் வேற மந்திரத்தைச் சொல்லச் சொல்லிக்கிட்டே இருக்கார். இவர் மந்திரத்தை விட்டுட்டு, கன்னத்தை ரெண்டு பக்கமும் உப்பிக்கிட்டு, புகையை ஊதுறார். தவளை மாதிரி. ஐயர் முறைக்கிறார். மறுபடியும் ஊதுறார். யாரும் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு ஊதிக்கிட்டே இருக்கார். பொண்ணு கண்ணை மூடியிருக்கறதால அவங்களுக்கும் தெரியாது.

அவரை எடுத்துப் பார்த்தேன். பதினாலாவது ஜெனரேஷன், ஒரு நொடிகூட ஆகலை. சுத்தமா போயிட்டார். புகை மட்டும் தானா விலகுது.

நான் அன்டூ அடிச்சு அவரைத் திரும்பக் கொண்டு வந்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி அன்டூ. மிஷின் எத்தனை தடவைன்னாலும் செய்யும், அதுக்குச் சலிப்பே கிடையாது. எனக்குத்தான் எரிச்சலா வந்தது. ஒயரை எல்லாம் பிடுங்கினேன், பெட்டியைத் தூக்கினேன், கடையைப் பூட்டினேன், பஸ் ஏறிட்டேன்.

இல்லைண்ணே, இரக்கமெல்லாம் இல்லை. யார் யாரோட இருந்தா எனக்கென்ன? ஃபேன்ல ஒரு சத்தம் வருது, மதுரையில வாங்கின கடையில காட்டணும். நிஜமாவே வருது. இப்போ கேட்காது, கரண்ட் இல்லையே. கடைக்காரர் ரெண்டு நாள் வெச்சுக்கிட்டாலும் வெச்சுக்குவார். ஒரு வாரம்னாலும் சரிதான். ப்ராசஸர் மேல தப்புன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது. அது சொன்னதைச் செய்யும், எள்ளுன்னா எண்ணெயா நிக்கும்.

எனக்குச் சொன்னது ரெண்டே வேலை. அவரை வெட்டணும், ஒரிஜினலை அழிக்கணும். சண்முகப்பிரியா அக்கா சொன்னாங்க, அத்தானும் சொன்னார். ரெண்டையும் நான் செய்யலை.